படபடக்கும் நெஞ்சும் பதறும் மனமும்

நெஞ்சினைப் பற்றிப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை. நெஞ்சோடு பேசுவதற்கென்று ஓர் அதிகாரத்தையும், அதனோடு ஊடுவதற்கென்று மற்றோர் அதிகாரத்தையும் வகுத்துத் தந்தவர் வள்ளுவப் பெருந்தகை. ஆயினும், அதே நெஞ்சு நள்ளிரவில் திடீரெனப் படபடத்து நம்மை எழுப்பி உட்கார வைக்கும்போது, கற்ற இலக்கியம் எதுவும் துணைக்கு வருவதில்லை. தமிழ்த்துறை மலரில் இதயத் துடிப்பைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். ஆனால் இத்துன்பத்தை நாமே பட்டறிந்தோம். இதற்கு அஞ்சி நம் துறை மாணவி ஒருவர் படிப்பையே கைவிட இருந்ததையும் கண்டோம். மேலும், இதனைச் சொல்லும் சொற்கள் தமிழில் நிரம்ப உள்ளன. அவற்றை உரிய இடத்தில் சொல்லாமையால் விளையும் கேடும் உள்ளது. அவ்வகையில் இது தமிழ்த்துறைக்கும் உரிய பொருளே எனத் துணிந்து எழுதலானோம்.

நம் வாப்பா மாரடைப்பால் வஃபாத்தாகி நாற்பது நாட்கள் நிறைவதற்கு முன்னர் ஓர் இரவு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தோம். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு இடறியது போலவும், பின் ஒரு கணம் துடிப்பே நின்றது போலவும், அதன்பின் உள்ளிருந்து எவரோ ஓங்கிக் குத்தியது போலவும் இருந்தது. எழுந்து உட்கார்ந்தோம். உடனே படபடவென்று அடிக்கத் தொடங்கிய நெஞ்சு அரைமணி நேரம் அடங்கவில்லை. கைவிரல்கள் மரத்தன. உதட்டோரம் ஊசி குத்தியது. வாப்பாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, வீட்டாரை எழுப்பி, ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்கு விரைந்தோம். அங்கே ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, "ஒன்றுமில்லை, வாயுத்தொல்லை" என்று ஒரு மாத்திரை தந்து அனுப்பினார்கள்.

'ஒன்றுமில்லை' என்ற சொல் அன்றிரவு மட்டுமே இனித்தது. அடுத்த வாரம் அதே குத்து மீண்டும் வந்தபோது, எதையோ காணத் தவறிவிட்டார்கள் என்ற ஐயமாக அச்சொல் மாறிற்று. மூன்று முறை மருத்துவமனைக்கு ஓடினோம். மூன்று முறையும் அதே விடை. மாடிப்படி ஏறுவதை விட்டோம். பள்ளிவாசலுக்கு நடந்து செல்வதை விட்டு வண்டியில் சென்றோம். நாற்காலியில் அமர்ந்தே பாடம் நடத்தினோம். நாற்பது வயது கடந்த ஆண்மகன் ஒருவன் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடியை எண்ணிக்கொண்டு திரிந்த கோலத்தை இப்போது நினைத்தால் நகைப்பு வருகிறது. அன்று வரவில்லை.

இறுதியில் தென்காசியில் முதிய மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் எந்தக் கருவியையும் தொடுமுன் ஒன்று கேட்டார்: "நெஞ்சு எப்படி அடிக்கிறது? இந்த மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள், வாத்தியாரையா." நாம் தட்டிக் காட்டினோம். பிறகு, "இதை உங்கள் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். "முதலில் பக்கென்றது; அப்புறம் படபடவென்றது" என்றோம். "பாதி விடை அதிலேயே இருக்கிறது" என்றார் அவர்.

சொல்லில் உள்ள துடிப்பு

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொற்களையே எண்ணிக்கொண்டு வந்தோம். இரட்டைக்கிளவியையும் ஒலிக்குறிப்புச் சற்களையும் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். 'பக்கென்றது' என்பது ஒற்றைத் துடிப்பு. 'படபடத்தது' என்பது விரைந்து தொடரும் துடிப்பு. 'திக்திக்கென்றது' என்பது விரைவு மிகாமல், ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே காதில் கேட்பது போன்ற நிலை. நம் முன்னோர் நாடியைப் பிடித்துப் பார்த்துத்தான் இச்சொற்களை ஆக்கினார்களோ என்று எண்ணும்படி, மருத்துவர் பிரித்தறிய விரும்பும் வேறுபாடுகள் இவற்றில் அமைந்துள்ளன.

ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்பு. இதயத்தின் மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சிலிருந்து எழும் மின் தூண்டல் இதனை நடத்துகிறது. சிலபோது வேறோர் இடத்திலிருந்து ஒரு தூண்டல் முந்திக்கொண்டு எழும். அவ்வாறு முந்திய துடிப்பு வலுவின்றி இருக்கும். அதை அடுத்துச் சற்றே நீண்ட இடைவெளி விழும். அவ்விடைவெளியில் இதய அறையில் குருதி கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு ஓங்கி ஒலிக்கும். 'பக்' என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான். இதயம் நின்றுவிட்டது என்று நாம் அஞ்சிய கணத்தில் அது நிரம்பிக்கொண்டிருந்தது. நோயற்ற நல்லுடம்பினர் பலருக்கும் ஒரு நாளில் இத்தகைய துடிப்புகள் சில உண்டு. இடப்பக்கம் படுத்தால் இதயத்தின் முனை மார்புச் சுவரை நெருங்குவதால் துடிப்பு கூடுதலாகத் தெரியும். இரவின் அமைதியும் அதனுடன் சேர்ந்துகொள்ளும்.

படபடப்புக்குக் காரணம் பல. அச்சம், காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு சுரப்பியின் மிகை, உறக்கமின்மை, அளவுக்கு மீறிய காபி, தேநீர், புகையிலை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில மருந்துகள் ஆகிய எல்லாம் இதனை விளைவிக்கும். அச்சத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். விசையைத் தட்டினாற்போல் திடீரென மிக விரைந்து தொடங்கி, அவ்வாறே திடீரென நிற்குமானால் அது மின்தடத்தில் உள்ள கோளாறாக இருக்கலாம். ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாகத் துடித்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ஆதலால், "நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், எப்படித் துடிக்கிறது, எப்போது தொடங்கியது, எப்படி நின்றது என்று சொல்லப் பழக வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகக் கூறுவது நம் கடமை. படபடப்புடன் மயக்கம் வந்து விழுந்தாலும், மார்பில் வலியோ இறுக்கமோ இருந்தாலும், மூச்சு முட்டினாலும், ஓடும்போதோ உழைக்கும்போதோ படபடத்துத் தலைசுற்றினாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலும், முன்னரே இதயநோய் இருந்தாலும், இக்கட்டுரையைப் படித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மார்வலி, மூச்சுமுட்டல், மயக்கம் ஆகியவை அப்போதே இருக்குமாயின் 108-ஐ அழைக்க வேண்டும். தீங்கற்ற படபடப்பு என்பது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு. நோயாளியோ அண்டை வீட்டாரோ சொல்லக் கூடியதன்று.

கை பிடித்து நெஞ்சறிதல்

அம்மருத்துவர் நமக்கு இரத்தப் பரிசோதனையும் எக்கோவும் செய்வித்தார். பின்னர் ஹோல்டர் என்னும் சிறு கருவியை மார்பில் பொருத்தி, 24 மணி நேரம் கழற்றாமல் வழக்கம்போல் நடமாடச் சொன்னார். அதனை அணிந்துகொண்டே கல்லூரிக்கு வந்தோம். அன்றைய பாடம் குற்றாலக் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி, வசந்தவல்லியின் கையைப் பார்த்து அவள் மெலிவின் காரணத்தைச் சொல்ல, அவள் சினக்கும் பகுதி. நம்மை மறந்து நடத்தினோம்.

பதிவைப் பார்த்த மருத்துவர் சொன்ன செய்தி நம்மைத் திகைக்க வைத்தது. முந்திய துடிப்புகள் இருந்தன, அவை தீங்கற்றவை. ஆனால் நாம் நாட்குறிப்பில் 'பக்கென்றது' என்று எழுதி வைத்த நேரங்களில் மட்டும் அவை வரவில்லை. முற்பகல் பதினொரு மணிக்கு, வகுப்பில் குறத்தி பேசிக்கொண்டிருந்த வேளையிலும் வந்திருந்தன. அப்போது நாம் உணரவே இல்லை. இரவில் நம்மை மருத்துவமனைக்கு ஓட்டிய அதே துடிப்பு, பகலில் பாடத்தினூடே வந்து சென்றதை நாம் அறியவில்லை. ஆகவே, துடிப்பு வேறு, அதைப் பற்றிய அச்சம் வேறு என்பதை முதன்முதலாக ஒரு தாளில் கண்ணால் கண்டோம்.

குறத்தி கை பார்த்து நெஞ்சை அறிந்த கதையை நடத்தும்போதெல்லாம் இப்னு ஸீனா (980–1037) பற்றி வழங்கும் செய்தி ஒன்றையும் மாணவர்க்குச் சொல்வது நம் வழக்கம். ஜுர்ஜான் நாட்டு ஆட்சியாளரின் உறவினனான இளைஞன் ஒருவன் காரணம் அறியாத நோயால் மெலிந்தான். இப்னு ஸீனா அவன் நாடியில் விரல் வைத்துக்கொண்டு, ஊரை நன்கறிந்த ஒருவரைக் கொண்டு பகுதிகளின் பெயர்களையும், தெருக்களையும், வீடுகளையும், அவ்வீட்டாரையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்தார். எந்தப் பெயரில் நாடி துள்ளியதோ அதைக் கொண்டு அவன் காதலித்த பெண்ணை அறிந்தார். 12-ஆம் நூற்றாண்டுப் பாரசீக நூலாகிய 'சஹார் மகாலா' இதனைக் கூறுகிறது. தம் 'அல்கானூன்' நூலிலும் இப்னு ஸீனா இம்முறையை விளக்கியுள்ளார். சொல் ஒன்று காதில் விழுந்த மாத்திரத்தில் நாடி மாறும் என்பதை அவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவத்துக்குப் பயன்படுத்தினார். நமக்கு அச்சொல் 'மாரடைப்பு' என்பதாக இருந்தது. அவ்வளவே வேறுபாடு.

அச்சம் என்னும் சுழல்

அஞ்சும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது; மூச்சும் விரைகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு இது உதவும். ஆனால் படுக்கையில் படுத்திருப்பவருக்கு ஓடுவதற்கு இடமில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் குருதியிலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் மரத்தலும், உதட்டோரம் குத்தலும், தலை கிறுகிறுத்தலும் உண்டாகின்றன. நாம் பக்கவாதத்தின் அறிகுறி என்று நடுங்கியது இதைத்தான்! இவ்வறிகுறிகளைக் கண்டு மேலும் அஞ்ச, மேலும் அட்ரினலின் சுரக்க, மேலும் படபடக்க, சுழல் தானே தன்னை வளர்த்துக்கொள்கிறது. உடலில் எழும் இயல்பான உணர்வை உயிருக்கு வரும் கேடு எனத் தவறாகப் பொருள் கொள்வதே இப்பேரச்சத்தின் வேர் என்று இங்கிலாந்து உளவியலறிஞர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். பொருள்கோளில் நேரும் பிழை என்று நாம் அதனைச் சொல்லலாம். இத்தகைய தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டித் தானே தணியத் தொடங்கும்.

இது கோழைகளுக்கு வருவது என்று எண்ணுவோர் போர்க்கள வரலாற்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட ஏறத்தாழ 300 படைவீரர்களிடம், இதய உறுப்பில் கோளாறு காணப்படாமலே படபடப்பும் மார்வலியும் சோர்வும் இருந்ததை ஆராய்ந்து டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871-இல் எழுதினார். முதல் உலகப் போரிலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் 'படைவீரர் இதயம்' என்று பெயரிடப்பட்ட இத்துன்பத்துடன் திரும்பினர். அவர்களை ஆராய்ந்த தாமஸ் லூயிஸ், படுக்கையில் கிடத்தி வைக்காமல் படிப்படியாக உடற்பயிற்சி தந்து நடமாட வைத்தார். நாம் மாடிப்படியைத் துறந்தது எத்துணை பேதைமை என்பது இதனைப் படித்தபின் புலனாயிற்று.

நம் பகுதியில் இச்சுழலுக்கு இரையாவோர் மாணவர் மட்டுமல்லர். கணவரும் மக்களும் வளைகுடா நாடுகளில் இருக்க, நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் தாய்மார் நம் தெருவுக்கு நால்வர் உண்டு.

குற்றாலத்தில் ஒரு பாடம்

சாரல் தொடங்கியதும் மாணவர் நம்மை ஐந்தருவிக்கு அழைத்துச் செல்லச் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர்களை வகுப்பில் கட்டிவைத்தல் அரிது. அருவியின் கீழ் முதன்முதலாகத் தலையைக் கொடுத்தவரைக் கவனியுங்கள். குளிர்நீர் தோலில் பட்டவுடன் மூச்சை வெடுக்கென்று இழுப்பார், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உடல் சிலிர்க்கும். எவரேனும் அஞ்சி மருத்துவரைத் தேடுகிறாரா? மீண்டும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார். வெளியே வந்து மிளகாய் பஜ்ஜியும் தின்கிறார். அதே இடத்தில் நீர்வரத்து திடீரெனப் பெருகிக் காவலர் விசில் ஊதினால், அதே படபடப்பு அப்போது அச்சமாகிவிடுகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்குரிய நான்கு காரணங்களுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு காரணம் கூறினார். நெஞ்சு துடித்தல் இரண்டுக்கும் பொது. காரணத்தை எவ்வாறு கொள்கிறோம் என்பதே அதனை உவகையாகவோ அச்சமாகவோ ஆக்குகிறது. மற்றொன்றும் நோக்கத்தக்கது. அந்நான்கு காரணங்களும் புறத்தே உள்ளவை. தன் நெஞ்சையே கண்டு தான் அஞ்சுதல் அப்பட்டியலில் இல்லை. (இதயநோய் உடையோர் அருவியில் குளிக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

ஒரு மாணவியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் பருவத்தேர்வுக்குப் பின் கல்லூரிக்கு வரவில்லை. குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதற்பெண். நம் துறைப் பேராசிரியை ஒருவருடன் அவர் இல்லம் சென்றோம். உம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குக் கல்பு பலவீனம் ஐயா. தேர்வு எழுதும்போது நெஞ்சு அடித்துக்கொண்டதாம். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றார். ஓதிப் பார்த்தார்கள்; மருத்துவரிடம் காட்டவில்லை. காட்டினால் ஊருக்குத் தெரியும் என்ற அச்சம். நான்கு மாதங்களாக அப்பெண் வேலை ஏதும் செய்யாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியை உடன்சென்று அரசு மருத்துவமனையில் காட்டினார். இதயத்தில் கோளாறு இல்லை. ஆனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகக் குறைவு. பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பர். அவருக்கோ அதனினும் வெகுவாகக் குறைந்திருந்தது. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் பொருள் குறைந்ததால் இதயம் விரைந்து உழைத்து ஈடுசெய்தது. அதைக் கண்டு அஞ்சியதால் மேலும் படபடத்தது. இரும்புச்சத்து மாத்திரை ஒரு பாதியைத் தீர்த்தது. மறு பாதிக்கு, நெஞ்சில் நோயில்லை என்று அவருக்கு விளங்குமாறு எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஓதுவதை நாம் குறை கூறவில்லை, நாமும் ஓதுகிறோம். ஆனால் ஓதலோடு ஒரு துளி இரத்தத்தையும் பரிசோதித்திருந்தால் நான்கு மாதங்கள் மிஞ்சியிருக்கும். பெண்ணின் நலத்தினும் பேச்சுவார்த்தை பெரிதென எண்ணும் பெரியோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

ஹிரா குகையிலிருந்து நெஞ்சம் நடுங்க இல்லம் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எதிர்கொண்ட வரலாறு நாம் யாவரும் அறிந்ததே. உமறுப் புலவரும் சீறாவில் பாடியதே. அது வஹியின் கனம். நம் போன்றோரின் அச்சத்தோடு அதனை ஒப்பிடுதல் தகாது. அன்னையாரின் செயலை மட்டுமே ஈண்டு நினைவூட்டுகிறோம். 'ஒன்றுமில்லை' என்று அவர் ஒதுக்கவில்லை, அலறவுமில்லை. போர்த்தினார். செவிமடுத்தார். உறவினரைப் பேணுவதையும் எளியோரைத் தாங்குவதையும் எடுத்துச் சொல்லித் தேற்றினார். பின்னர், கற்றறிந்தவராகிய வரகாவிடம் உடன் அழைத்துச் சென்றார்.

மூச்சு

அம்மாணவிக்கும் நமக்கும் மருத்துவர் கற்பித்த பயிற்சி ஒன்றே. நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைவதும், வெளிவிடும்போது தணிவதும் இயற்கை. வெளிமூச்சை நீட்டினால் தணிவும் நீளும். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பா அவர்கள் 'திருமெய்ஞ்ஞானச் சரநூல்' என்று மூச்சைப் பொருளாகக் கொண்டே ஒரு நூல் செய்தார். அவர் நோக்கம் மெய்ஞ்ஞானம். நம் நோக்கம் அவ்வளவு உயர்ந்ததன்று, இரவில் உறங்க வேண்டும் என்பதே. இதனாலும் தணியாமல் அச்சம் நாள்தோறும் வாட்டுமாயின், மனநல மருத்துவரை நாடுவதில் இழிவு இல்லை. பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் நற்பயன் தருகின்றன. நடுவணரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

அம்மாணவி பட்டம் பெற்று இப்போது ஆசிரியையாகப் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு சந்தித்தபோது நலம் கேட்டோம். "சில இரவு பக்கென்கிறது ஐயா. திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்" என்றார்.

துறையின் முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரங்களில் நெஞ்சுத் துடிப்பைக் குறிக்க மக்கள் வழங்கும் சொற்களைத் திட்டக் கட்டுரையாகத் தொகுக்கலாம். 'தூக்கிவாரிப் போட்டது', 'அடிச்சுக்குது', 'ஈரக்குலை நடுங்குது' என நாம் மருத்துவமனை வரிசையில் காத்திருந்தபோது குறித்து வைத்தவை பத்துப் பதினைந்து தேறும். கேட்போருக்கு அக்குறிப்பேட்டைத் தருவோம்.